229 வெற்றி போதாதா?

கேள்வி: கியூபாவின் லூயிஸ் டியான்ட்டை 'மாபெரும் பிட்சர்' (பந்து எறிபவர்) என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலில், அவருக்கு இடமே தரவில்லையே. நீங்கள் மிகைப்படுத்துகிறீர்களோ?

பதில்: இல்லை. எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். இடம் தராதவர்கள் செய்தது தவறு.

கேட்ஃபிஷ் ஹன்டர் என்ற பிட்சர் 224 ஆட்டங்களில் வென்றவர். 1987-இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். டியான்ட் வென்றது 229. பேட்ஸ்மேனைப் பந்தாலேயே வெளியேற்றும் ஸ்ட்ரைக் அவுட் கணக்கில் ஹன்டரைவிட 404 அதிகம். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி (குறைந்தால் நல்லது) ஹன்டருக்கு 3.26, இவருக்கு 3.30. பெரிய வித்தியாசமில்லை. மறு ஆண்டே டியான்ட்டின் பெயர் வந்தபோது கிடைத்த ஓட்டு சுமார் 31 சதவீதம், தேவை 75. அப்புறம் அந்த 31-ஐக்கூட அவர் எட்டவில்லை. ஹன்டர் ஆடிய அணிகள் ஐந்து முறை உலகத் தொடரை, அதாவது ஆண்டின் இறுதிச் சாம்பியன் பட்டத்தை, வென்றன, டியான்ட்டின் அணிகள் வெல்லவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். அதற்கு ஒரு பிட்சர் என்ன செய்வார்?

1968-இல் கிளீவ்லாண்ட் அணிக்காக அவருடைய சராசரி 1.60. தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. 1970-இல் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்போது அவர் இருந்த மினசோட்டா அணி பிறகு கழற்றி விட்டது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த மனிதர், பாஸ்டனுக்குப் போய் 1972-இல் 1.91 சராசரியோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். எறிவதற்கு முன் பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். பந்து எந்தக் கோணத்தில் வரும் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. 1975 உலகத் தொடரில் சின்சினாட்டிக்கு எதிராக முதல் ஆட்டத்தை 6-0 என்று முடித்தார். நான்காவது ஆட்டத்தில் 150-க்கும் மேற்பட்ட பந்துகளை எறிந்து, கடைசிவரை தானே நின்று 5-4 என்று ஜெயித்தார். இன்று எந்தப் பயிற்சியாளரும் ஒருவரை அவ்வளவு எறிய விடமாட்டார்.

இத்தனையையும் ஊருக்குப் போக முடியாத மனிதராக இருந்துகொண்டு செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1961-இல் மெக்ஸிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது, 'திரும்பி வராதே' என்று அப்பா சொல்லியனுப்பினார். காஸ்ட்ரோ அரசு தொழில்முறை பேஸ்பாலை ஒழித்திருந்தது. கியூபாவை அவர் மறுபடி பார்த்தது 46 ஆண்டுகள் கழித்து, 2007-இல்.

அப்பாவும் பிட்சர்தான், பெயரும் லூயிஸ்தான். கறுப்பர் என்பதால் அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கில் ஆடினார். அமெரிக்க செனட்டர் மெக்கவர்ன் காஸ்ட்ரோவிடம் கேட்ட பிறகு, 1975 ஆகஸ்டில் பெற்றோர் பாஸ்டன் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டன் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சடங்கான முதல் பந்தை எறிய அப்பாவை அழைத்தார்கள். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு எறிந்தார். பந்து தாழ்வாகப் போனது. அவருக்குத் திருப்தியில்லை. பந்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, இன்னொரு முறை எறிந்தார். நேராக, பேட்ஸ்மேன் நிற்கும் இடத்திலுள்ள பிளேட்டின் மேல் போனது.

2024 அக்டோபரில் தன் 83-ஆவது வயதில் மகன் லூயிஸ் காலமானார். இரண்டு மாதம் கழித்து அவர் பெயர் மறுபடி தேர்வுக்குழுவுக்கு முன் வந்தது. அப்போதும் சேர்க்கவில்லை.