வாசகர் கேள்வி–பதில்: கல்லூரி மாணவர்களும் பொதுக்காரியமும்

கேள்வி: கல்லூரியொன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். மாணவர்கள் பேரணிக்கு வருகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். பொதுக்காரியங்களில் இவர்களுக்கு உண்மையான ஈடுபாட்டை எப்படி உண்டாக்குவது? (உதவிப் பேராசிரியர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: குறை மாணவர்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் அவர்களுக்குத் தரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. தான் கலந்துகொண்டாலும் கொள்ளாவிட்டாலும் எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்த நிகழ்ச்சியில் படம் எடுத்துக்கொள்வதைத் தவிர ஓர் இளைஞனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? நானும் மாணவனாக இருந்தபோது பேரணியில் பதாகை பிடித்தவன்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்பது இன்று நினைவில் இல்லை.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட உங்கள் திட்டம் ஒரு மாணவரிடமிருந்து இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத்தையும் ஏழு நாள் சிறப்பு முகாமையும் எதிர்பார்க்கிறது. அது சிறிய அளவன்று. அதில் நாற்பது மணி நேரத்தையாவது ஒரே ஒரு காரியத்துக்கு ஒதுக்கிப் பாருங்கள். அந்தக் காரியம் மாணவர்களையே வருத்துவதாக இருக்கட்டும். விடுதிக்குச் செல்லும் சாலையில் விளக்கு எரியவில்லை, கல்லூரி வாசலில் பேருந்து நிற்பதில்லை என்பன போன்றவை போதும். உலக வெப்பமயமாதலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பத்துப் பேர் கொண்ட குழுவிடம் முதலில் ஒரே கேள்வியைக் கொடுங்கள்: இது யாருடைய பொறுப்பு? அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, ஊராட்சியுடையதா, நகராட்சியுடையதா என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்கு ஒரு வாரம் ஆகும். ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்டும். அலைச்சலைக் கண்டு நீங்கள் இரக்கப்பட்டு, தெரிந்த அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து வேலையை முடித்துவிடாதீர்கள். அரசு எப்படி இயங்குகிறது என்பதை அவர்கள் கற்றுக்கொள்வது அந்த அலைச்சலில்தான்.

அடுத்தது மனு. அதை அவர்களே எழுத வேண்டும்; ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது; எந்த இடத்தில், எந்த நாளிலிருந்து, என்ன குறை, யார் என்ன செய்ய வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி, மனுவின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத மனு காற்றில் விட்ட பட்டம்.

ஒரு மாதம் கடந்தும் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, இன்ன எண்ணுள்ள மனு எந்தெந்த நாளில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, அதன்மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் எங்கே என்று கேட்கலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று விண்ணப்பதாரரிடம் காரணம் கேட்கக்கூடாது என்பது சட்டத்திலேயே உள்ளது. அலுவலகம் மாறிப் போய்விட்டாலும் ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் தகவல் வராவிட்டாலோ, வந்தது நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த முப்பது நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்நிலை அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் இவ்வுரிமையைக் குடிமக்களுக்கே தந்திருப்பதால், மன்றத்தின் பெயரிலோ கல்லூரியின் பெயரிலோ அல்லாமல் ஒரு மாணவரின் சொந்தப் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது. ‘ஏன் விளக்குப் போடவில்லை’ என்று கேட்பதைவிட ‘விளக்குப் பராமரிப்புக்கு இவ்வாண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு’ என்று கேட்பதே பலன் தரும். அலுவலகத்தின் ஆவணங்களில் உள்ளதைத்தான் சட்டம் பெற்றுத் தரும், அதிகாரியின் மனத்தில் உள்ளதை அன்று.

விளக்கு எரியும் என்று நான் உறுதி கூற மாட்டேன். நிதி இல்லை என்ற பதில் வரலாம். ஆனால் தன் பெயருக்கு, தன் கேள்விக்கு, அலுவலக முத்திரையுடன் ஒரு கடிதம் வந்ததைக் கண்ட மாணவி, சான்றிதழ் வாங்கியதும் மறைந்துபோகிறவர்களில் ஒருத்தியாக இருக்க மாட்டாள்.

கேள்வி: சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சொந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். வரும் செப்டம்பரில் பதினெட்டு வயது நிறைகிறது. வாக்காளர் பட்டியலில் எங்கே பெயர் சேர்ப்பது? (முதலாமாண்டு மாணவர்)

பதில்: இரண்டு இடங்களில் எதை வேண்டுமானாலும் நீங்கள் தேர்ந்துகொள்ளலாம், இரண்டிலும் சேரக்கூடாது. ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருப்பதைச் சட்டம் தடை செய்கிறது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. விண்ணப்பிக்க வேண்டியது படிவம் 6. விடுதி முகவரியில் சேர விரும்பினால், அங்கீகரிக்கப்பட்ட, ஓராண்டுக்குக் குறையாத படிப்பில் நீங்கள் பயில்கிறீர்கள் என்று கல்வி நிறுவனத் தலைவரிடமிருந்து சான்று இணைக்க வேண்டும்.

முன்பு ஜனவரி 1-ஐ மட்டுமே தகுதி நாளாகக் கொண்டிருந்ததால், ஜனவரி 2-இல் பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். 2021-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உள்ளன. உங்களுக்கு அக்டோபர் 1 பொருந்தும். பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு என்பதால் பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எது நல்லது என்று கேட்டால், நான் சொந்த ஊர்ப் பக்கமே சாய்வேன். காரணம் பலரும் எண்ணிப் பாராத ஒன்று: அரசமைப்புச் சட்டத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். பெயரை விடுதிக்கு மாற்றிக்கொள்ளும் நாளில் உங்கள் ஊர்க் கிராம சபையில் உங்களுக்கு இடம் இல்லாமல் போகிறது. எனினும் மாணவர்களுக்கு அஞ்சல் வாக்கு வசதி இல்லாததால், தேர்தலுக்கு ஊர் போய்வரவே முடியாத தொலைவிலும் நெருக்கடியிலும் இருப்பவர்கள் விடுதி முகவரியைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. பின்னர் இடம் மாறினால் படிவம் 8 இருக்கிறது.

கேள்வி: சமூக ஊடகத்தில் ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறேன். இதுவும் பொதுப்பணிதானே? (மாணவர், மதுரை)

பதில்: ஆம், உங்கள் பதிவைப் படிப்பவர்களுள் அந்த வேலைக்குப் பொறுப்பான அலுவலரும் இருந்தால். அவர் படிக்கிறாரா என்பது தெரியாத நிலையில், அதே செய்தியை மனுவாகவும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஊர்க் குளத்தை மீட்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறான், ஆர்ப்பாட்டத்துக்கும் போகிறான். அரசு வேலைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை வழக்கில் சிக்கிக்கொள்வானோ என்று அஞ்சுகிறேன். படிப்பை முடித்துவிட்டு இதையெல்லாம் செய்யக்கூடாதா? (ஒரு தாய், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அஞ்ச வேண்டாம். கையெழுத்து வாங்குவதிலும், மனு கொடுப்பதிலும், தகவல் கேட்பதிலும், கிராம சபையில் பேசுவதிலும் குற்றம் எதுவும் இல்லை. இவை சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள். ஆர்ப்பாட்டம் வேறு. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டம் தந்திருந்தாலும், காவல்துறையின் அனுமதி இல்லாத கூட்டத்தில் இருந்தவர்கள்மீது வழக்குப் பதிவாவது நடக்கக்கூடியதே. ஆகவே அனுமதி வாங்கப்பட்டிருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுவிட்டுப் போகும்படி மகனிடம் சொல்லுங்கள். போகாதே என்று சொல்லிப் பயன் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒருவேளை வழக்கு வந்துவிட்டால் அதைவிடப் பெரிய தவறு, வேலைக்கான விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் அதை மறைப்பது. கேட்ட விவரத்தை உண்மையாகத் தர வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், வேலை தருபவர் தம் விருப்பின்பேரில் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் கூறியது. இளமையின் வேகத்தை நீதிமன்றமும் அறிந்தே இருக்கிறது.

படிப்பை முடித்துவிட்டு வரட்டும் என்கிறீர்கள். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த அரசமைப்புத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தபோதே, கல்லூரி வகுப்பறையில் இருப்பவரை நாடு முழுக் குடிமகனாக ஏற்றுக்கொண்டுவிட்டது. 21 வயது நிறைந்தவர் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடவும் செய்யலாம். உங்கள் மகன் அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறான். மேலும், வேலைக்குப் போனபின் அவனுக்கு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா? அரசு வேலையே கிடைத்துவிட்டால், நடத்தை விதிகள் இன்றிருக்கும் உரிமைகளில் சிலவற்றைச் சுருக்கிவிடும்.

கேள்வி: முதன்முறையாகக் கிராம சபைக்குப் போனேன். குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதைப் பற்றிக் கேட்டதற்கு, “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா” என்று சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். மறுபடி போகவே தோன்றவில்லை. (மாணவி, சேலம் மாவட்டம்)

பதில்: தனியாகப் போனீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை, அதே தொட்டியின் தண்ணீரைக் குடிக்கும் நான்கு பெண்களுடன் போங்கள். சிரிப்பவர்கள் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது போல் ஐவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. உங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்து பட்டியலில் பெயரும் இருந்தால், நீங்கள் அங்கே விருந்தாளி அல்லர், உறுப்பினர்.

கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னரே, தொட்டியைக் கடைசியாகக் கழுவிய நாள், குளோரின் கலக்கும் முறை, அதற்கான செலவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். கூட்டத்தில் கோபப்படாமல் அந்தத் தாளைப் படியுங்கள். தலைவரோ தனி அலுவலரோ பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னால், அதைத் தீர்மானமாக எழுதும்படி கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதப்படாத வாக்குறுதியைக் கூட்டம் கலைந்தபின் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டுவிட்டு, அதன் பின்னரே கையெழுத்திடுங்கள். பல ஊர்களில் வருகைக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வந்ததற்குப் போடும் கையெழுத்தை, நிறைவேறியதற்கு ஒப்புக்கொண்ட கையெழுத்தாக மாறவிடாதீர்கள். தீர்மானத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி, தொட்டி என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.