நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மூலிகைப் பொடிகளில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருக்குமா? ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

கேள்வி கேட்டவர், தம் தாயார் மூட்டு வலிக்கு அமுக்கரா சூரணமும், பள்ளி செல்லும் மகள் வல்லாரைப் பொடியும் தினமும் சாப்பிட்டு வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். மூலிகை மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கலந்திருக்கக்கூடும், நிறத்தையோ மணத்தையோ சுவையையோ வைத்து அதைக் கண்டறிய முடியாது. வல்லாரையும் நீர்ப்பிரமியும் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்பவை. அந்த நீரில் கழிவு கலந்திருந்தால், அதிலுள்ள உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். பாஸ்பேட் உரங்கள் வழியாகக் காட்மியம் வயலுக்கு வருகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்றாலும், அதற்கு முன் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எளிதில் அகல்வதில்லை. அமுக்கராக் கிழங்கு போன்ற வேர்ச் சரக்குகளைச் சரியாகக் கழுவாமல் அரைத்தால், ஒட்டியிருக்கும் மண்ணும் பொடியோடு சேர்ந்துவிடுகிறது. இதைக் காட்டிக்கொடுக்க, பொடியை எரித்து, அமிலத்தில் கரையாத சாம்பலின் அளவைப் பார்க்கும் பழைய, செலவு குறைந்த சோதனையே போதும். விலை உயர்ந்த கருவிகளைத் தேடும் முன் சிறு உற்பத்தியாளர்கள் இதையாவது ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலோகங்களை அளக்க, சிறிதளவு பொடியை நைட்ரிக் அமிலத்துடன் மூடிய கலத்தில் இட்டு, மைக்ரோவேவ் வெப்பத்தில் முழுதும் கரையச் செய்து, அந்தக் கரைசலை, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் (ICP-MS) கருவியில் செலுத்துவோம். பாதரசம் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் சூடாக்கிய மாதிரியின் பாதரச அளவை நான் ஏற்பதில்லை.

இனி வரம்புக்கு வருவோம். மூலிகை மட்டுமே கொண்ட மருந்துகளுக்கு இந்தியாவில் கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 மில்லிகிராம் என வரம்பு உள்ளது. இது பொருளின் எடைக்கான வரம்பே தவிர, ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளும் அளவுக்கான வரம்பு அன்று என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஈயம் மிகச் சரியாக வரம்பு அளவில் உள்ள சூரணத்தை ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராம் சாப்பிட்டால், 50 மைக்ரோகிராம் ஈயம் வயிற்றுக்குள் போகிறது. அலோபதி மருந்துகளுக்காக ஐசிஎச் (ICH) என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த நெறிமுறையோ, வாய்வழி மருந்தால் ஒரு நாளில் சேரும் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பத்து மடங்கு வேறுபாடு! எனவே ‘வரம்புக்குள் உள்ளது’ என்ற ஒற்றை வரியால் நான் நிறைவடைய மாட்டேன். உண்மையான எண்ணைக் கேட்டு வாங்கி, உட்கொள்ளும் அளவால் பெருக்கிப் பார்ப்பேன். குடிநீராக, அதாவது கஷாயமாகக் காய்ச்சி வடிகட்டும்போது உலோகத்தின் ஒரு பகுதியே நீரில் இறங்குகிறது. சூரணமாகச் சாப்பிடும்போது பொடியிலுள்ள அனைத்தும் உள்ளே செல்கிறது. உட்கொண்ட ஈயத்தைக் குழந்தைகளின் குடல் பெரியவர்களைவிடப் பல மடங்கு உறிஞ்சுவதால், உங்கள் மகள் சாப்பிடும் வல்லாரைப் பொடியே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

சோதனை அறிக்கை கிடைத்தால், அதிலுள்ள தொகுதி எண் (பேட்ச் எண்) உங்கள் பொட்டலத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். என்றோ ஒரு தொகுதிக்கு வாங்கிய அறிக்கை இன்றைய பொடிக்குச் சான்றாகாது. ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவியால் அறிய இயலாது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் (NABL) அங்கீகாரம் ஆய்வகத்துக்கு இருப்பது மட்டும் போதாது, மூலிகைகளில் உலோகச் சோதனை செய்வதும் அந்த அங்கீகாரத்தில் அடங்கியிருக்க வேண்டும்.

பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து, அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை 2006 ஜனவரி முதல் இந்திய அரசு கட்டாயமாக்கியது. வெளிநாட்டார் உடலுக்குக் காட்டும் அதே அக்கறை, நம் ஊர்க் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் பொடிக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் மனமாரக் கருதுகிறேன். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத பொடியைக் குழந்தைக்கோ கருவுற்றவருக்கோ தர வேண்டாம். பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகங்களும் தாதுக்களும் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதால் மேற்சொன்ன வரம்புகள் அவற்றுக்குப் பொருந்தா. அவற்றைத் தகுதிபெற்ற சித்த மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் இருவரும் நெடுநாளாகச் சாப்பிட்டு வருவதால், பொடியைச் சோதனைக்கு அனுப்புவதோடு, மருத்துவரிடம் சொல்லி இருவருக்கும் இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். தீராத வயிற்று வலி, மலச்சிக்கல், காரணம் புரியாத இரத்தச்சோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அறிக்கைக்குக் காத்திராமல் இன்றே பொடியை நிறுத்திவிட்டு, சாப்பிட்ட பொட்டலத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.