வெள்ளிக்கிழமை இரவில் வரும் பாம்பு

கேள்வி: எனக்கு வயது 56. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். இனிப்பு நீர் நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும், ரத்தக் கொதிப்புக்கு மெட்டோப்ரோலோலும் சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கிளிக்லசைடை இரு வேளை, 80 மி.கி. ஆக்கினார்கள். அதே சமயத்திலிருந்து ஒரு கனவு. செம்பனை மரத்தடியில் பெரிய பாம்பு துரத்துகிறது. ஓட நினைத்தால் கால் நகராது. விழித்தால் மணி மூன்று இருக்கும், நைட்டி தொப்பலாக நனைந்திருக்கும். வெள்ளிக்கிழமை இரவில்தான் அதிகம் வருகிறது. அன்று விரதம், ராத்திரிக்குப் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும்தான். அம்மன் குறை என்கிறார்கள். மச்சான் பாம்புக்கு லாட்டரி நம்பர் பார்த்து மூன்று முறை வாங்கித் தோற்றுவிட்டார். பல் விழுவதாகவும், நான்கு மாதத்துக்கு முன் தவறிய அம்மா வாசலில் நின்று கூப்பிடுவதாகவும்கூடக் கனவு வந்தது. சினிமாவில் டாக்டர் கனவைக் கேட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாரே, என் கனவுக்கு என்ன பொருள் டாக்டர்?

பதில்: அம்மா, பாம்பை ஒரு பக்கம் வையுங்கள். வெள்ளிக்கிழமை, மணி மூன்று, நனைந்த நைட்டி, மாத்திரை கூட்டிய தேதி. உங்கள் கடிதத்தில் நான் முதலில் படித்தது இந்த நான்கையும்தான். நான்கும் சேர்ந்து காட்டுவது தூக்கத்தில் ரத்தத்தில் சீனி இறங்குவதை.

கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சாயங்காலம் போட்ட மாத்திரை இரவெல்லாம் வேலை செய்யும். வயிற்றிலோ பாலும் பழமும்தான். (மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வது அபூர்வம்.) சீனி இறங்கியதும் உடம்பு அட்ரினலினை விடுகிறது, வியர்வை கொட்டுகிறது. தூங்கும் மூளை அந்தப் பதற்றத்துக்குக் கைக்கு அகப்பட்ட ஒரு கதையைக் கட்டிவிடுகிறது. மெட்டோப்ரோலோல் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வியர்வையை அமுக்காது. அதனால்தான் உங்களுக்கு நெஞ்சு அடிக்காமல் துணி மட்டும் நனைகிறது. போதாததற்கு, அந்த மருந்தே சிலருக்குக் கனவுகளைத் துலக்கமாகவும் பயங்கரமாகவும் ஆக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் ரத்தக் கொதிப்பு எகிறும், இதயத்துக்கும் ஆபத்து.

ஊகத்தோடு விடாமல் அளந்து பாருங்கள். சீனி பார்க்கும் மெஷினைக் கட்டிலருகே வைத்து, இந்த வாரம் மூன்று இரவு, இரண்டிலிருந்து மூன்று மணிக்குள் அலாரம் வைத்துப் பாருங்கள். கனவோடு விழித்தால் கனவை யாரிடமும் சொல்வதற்கு முன் விரலைக் குத்துங்கள். 4.0 mmol/L-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை (ஏறக்குறைய 15 கிராம்) அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை அதேபோல். ஏறியதும் நாலு பிஸ்கட் சாப்பிட்டுப் படுங்கள். பலர் சாக்லேட்டைக் கடிப்பார்கள். அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-க்கு அழைக்க வேண்டும்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. முஸ்லிம்களின் நோன்பு மாதத்தில் மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவது இங்குள்ள கிளினிக்குகளுக்குப் பழகிய வேலை. உங்கள் வெள்ளிக்கிழமையும் அதே கணக்குத்தான், ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? இரவில் எடுத்த அளவுகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்வரை காத்திருக்க வேண்டாம். வரும் வெள்ளிக்குள் போக முடியாவிட்டால் அன்று மட்டும் வழக்கமான இரவுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை மட்டும் உள்ளே போகக் கூடாது. மூன்று இரவும் சீனி சரியாகவே இருந்தால், வியர்வைக்கு வேறு காரணம் தேட வேண்டும்: மாதவிலக்கு நின்ற பின் வரும் உடல் சூடு, தைராய்டு, நாட்பட்ட காய்ச்சல். அதையும் கிளினிக்கில்தான் பார்க்க வேண்டும்.

கால் நகராததற்கும் உடம்பே காரணம். அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் வரும் உறக்கத்தில் மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக ஓடும். 1953-இல் சிகாகோவில் ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை முதலில் அறிவித்தார்கள். இந்த உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், விடியற்காலை நெருங்க நெருங்க நீளும். அப்போது மூளை கைகால் தசைகளைப் பூட்டிவைக்கிறது, கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து விழக் கூடாதே. பூட்டு திறக்கும்முன் விழிப்பு வந்துவிட்டால், நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். நம்மவர்கள் அமுக்குவான் பேய் என்பதும் மலாய்க்காரர்கள் திண்டே என்பதும் இதைத்தான். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே விட்டுவிடும். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் தூக்கத்தில் நிஜமாகவே குத்தி, உதைத்து, கத்தினால் பூட்டு பழுதாகியிருக்கிறது என்று பொருள்; சிலருக்குப் பல வருடம் கழித்துப் பார்க்கின்சன் நோய் வருவதற்கான முன்னடையாளம் அது. கேலி செய்யாமல் நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

சரி, பாம்பு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் கனவு நூல் 1899 நவம்பரில் வெளியாகி, அட்டையில் 1900 என்று போட்டுக்கொண்டது. அச்சிட்ட 600 பிரதி விற்க எட்டு வருடம் ஆனது. பாம்பை ஆண்குறியாகப் படித்தவர் அவர்தான் என்றாலும், கனவில் வந்த ஒவ்வொரு பொருளுக்கும் கண்டவர் மனதில் என்ன எழுகிறது என்று அவரிடமே கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய முறை. நம்பர் புத்தகம் மாதிரி ‘பாம்பு என்றால் இது’ என்று அகராதி பார்ப்பது வேறு வேலை. எலிக்குப் பாம்பு வரும் செம்பனைக் காட்டில் வளர்ந்தவருக்குப் பாம்பு முதலில் ஒரு ஞாபகம். மச்சானுடைய அகராதி மூன்று முறை தோற்றதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சினிமா டாக்டருக்கு வசதி அதிகம். 1945-இல் ஹிட்ச்காக் எடுத்த ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்தில் கனவுக் காட்சியை வரைந்து அமைத்தவர் ஓவியர் டாலி. அந்தக் கனவைப் பிரித்தால் கொலையாளி அகப்படுகிறான். கனவையும் கொலையையும் எழுதியவர்கள் ஒரே ஆட்கள், அகப்படாமல் என்ன செய்வான்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனவும் பலிக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். கனவைக் கேட்ட தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடலாம் என்று பரிகாரம் சொல்கிறாள். ‘பீடன்று’, அது பெருமை அல்ல, என்கிறாள் கண்ணகி. ஒரே சொல்லில் பரிகாரம் முடிந்தது.

பல் விழுந்தால் வீட்டில் சாவு என்பார்கள். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கனவு மனக் கவலையோடு அல்ல, விழித்ததும் பல்லிலும் ஈறிலும் தெரிந்த இறுக்கத்தோடுதான் சேர்ந்து வந்தது. காலையில் தாடை வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களாக இருக்கலாம்.

சீனி சரியான பிறகும் பாம்பு வந்தால், பகலில் ஒரு நோட்டில் கனவை எழுதி, நீங்கள் விரும்பும் இடத்தில் கதையை மாற்றுங்கள். பாம்பு எலியைப் பிடித்துக்கொண்டு போகலாம், நீங்கள் மோட்டார் சைக்கிள் ஏறிப் போய்விடலாம். மாற்றிய கதையைத் தினம் 10 முதல் 20 நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள், இரண்டு மூன்று வாரம். கெட்ட கனவுகளுக்கு உளவியலாளர்கள் சொல்லித் தரும் பயிற்சி இது. படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

அம்மா வாசலில் வந்து கூப்பிடும் கனவுக்கு மருந்தும் வேண்டாம், பரிகாரமும் வேண்டாம். நான்கு மாதத் துக்கத்தில் இப்படிக் கனவு வருவது இயல்பு. பகலிலும் சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால், அல்லது நாமும் போய்விடலாமே என்று தோன்றினால், அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள். அதுவரை அவர் வரட்டும், வந்து கூப்பிடட்டும்.