கைராசி இல்லை, கை வேகம்

கேள்வி: எங்கள் ஆறு மாதப் பையன், என் அம்மா முதுகில் தடவிக்கொடுத்தால் தூங்கிவிடுகிறான். நான் எவ்வளவு தட்டினாலும் முழித்துக்கொண்டு அழுகிறான். இது கைராசியா, அறிவியலா?
(ஒரு தகப்பன், வீரவநல்லூர்)

பதில்: கைராசியா? நம் பக்கத்தில் டாக்டர் ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கினால் கைராசி, நட்ட முருங்கை பிடித்தால் கைராசி. பத்தமடையில் கோரையை ஊறப்போட்டு, முடி மாதிரி மெல்லிசாகக் கிழித்துப் பாய் நெய்கிற பெண்களையும் ‘கைராசிக்காரி’ என்று புகழ்ந்துவிட்டு, விலையில் நூறு ரூபாய் குறைக்கப் பார்க்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அவர்கள் கற்றுக்கொண்ட வேலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

உங்கள் அம்மாவின் கையிலும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. சட்டைப் பைக்குள் கிடப்பது ஐந்து ரூபாய்க் காசா பத்து ரூபாய்க் காசா என்று விரல் கண்டுபிடிக்கிறதே, அது உறை போட்ட தடித்த நரம்பு இழைகளின் உபயம். அதில் செய்தி நொடிக்குப் பல பத்து மீட்டர் ஓடும். முடி முளைக்கிற தோலில், அதாவது முதுகு, முன்கை, முகத்தில், இன்னொரு வகை உண்டு. உறையில்லாத மெல்லிய இழை, சி-டேக்டைல் என்று பெயர். செய்தி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும். உள்ளங்கையில் இது மிகவும் அரிது. தோலில் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தடவினால்தான் இது நன்றாக விழிக்கும், அதுவும் தொடுகிற பொருள் தோலின் வெதுவெதுப்பில், 32 டிகிரியை ஒட்டி இருந்தால் இன்னும் நன்றாக. அதைவிட வேகமாகத் தேய்த்தாலும் சரி, ஊர்ந்தாலும் சரி, அடங்கிவிடும்.

2002-ல் ஒரு பெண்ணைச் சோதித்தார்கள். நோயால் தடித்த இழைகளை இழந்தவர். முன்கையில் தூரிகையால் மெல்ல வருடியபோது, மங்கலாகத்தான் என்றாலும், இதமாக இருக்கிறது என்றார். 2014-ல் ஒன்பது மாதக் குழந்தைகளை நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் வருடியபோது இதயத்துடிப்பு இறங்கியது. எனக்கு ரொம்பப் பிடித்தது 2016 ஆய்வுதான்: பெற்றோரைத் தங்கள் குழந்தையைத் தடவச் சொன்னார்கள், யாரும் வேகம் சொல்லித்தராமலே கை அந்த அளவுக்கு வந்துவிட்டது. செயற்கைக் கையைத் தடவச் சொன்னபோது வேகம் கூடிவிட்டது!

அதனால் ஐயா, தட்டுவதை விடுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பிடரியிலிருந்து இடுப்பு வரை நிதானமாக இறக்குங்கள். ஒரு தடவலுக்கு ஐந்தாறு நொடி ஆகட்டும். இன்னொரு கையில் மொபைல் வேண்டாம், அது இருந்தால் இந்தக் கையும் அவசரப்படும். அப்பன் கையா ஆச்சி கையா என்று அந்த நரம்பு பார்ப்பதில்லை.

அப்புறம், மோட்டார் தொட்டில் விளம்பரத்தை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று போன மாதம் ஒருவர் சண்டைக்கு வந்தார். தொட்டில்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ‘இனி அம்மா கை தேவையில்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தால் அடுத்த இதழிலேயே போடுகிறேன்.