நெல்லியும் கீழாநெல்லியும் பங்காளிகளா?

கேள்வி: நெல்லிக்காய்ப் பொடி டப்பாவில் 'பில்லாந்தஸ் எம்பிளிகா' என்றும், கீழாநெல்லிப் பொட்டலத்தில் 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்று மரம், மற்றது வரப்போரக் களை. முன்பெயர் எப்படி ஒன்றானது? ஒன்று தீர்ந்துபோனால் மற்றதைச் சாப்பிடலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: பங்காளிகள்தான். முன்பெயர் பேரினத்தைக் குறிப்பது. குடும்பப் பெயர் மாதிரி. 'பில்லாந்தஸ்' என்றால் கிரேக்க மொழியில் 'இலைப்பூ'. 1753-இல், செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைப் பரப்பிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் தம் நூலில் பதித்த பெயர்களில் இதுவும் ஒன்று.

கல்லூரி முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் கீழாநெல்லியை வரைந்து, 'கூட்டிலை' (பல சிற்றிலைகளாகப் பிரிந்த ஒரே இலை) என்று எழுதி, நான்கு மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன் நான். "புளிய இலை மாதிரிதானே ஐயா இருக்கிறது?" என்று வாதாடினேன். ஆசிரியர் பதில் பேசாமல் கொத்தைத் தலைகீழாகத் திருப்பி, லென்சைக் கையில் கொடுத்தார். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் கடுகளவு பச்சைக் காய்! புளிய இலையை இணுக்கிப் பார்த்தால் அந்தச் சிற்றிலைகளின் கக்கத்தில் ஒன்றும் இருக்காது. மொட்டு, மொத்தக் காம்பின் அடியில்தான். ஆக, கீழாநெல்லியில் நாம் இலை என்று நினைப்பது ஒரு சிறு கிளை. நெல்லி மரமும் இதே வேஷம்தான் போடுகிறது. உதிர்க்கும்போதும் இலையை மட்டுமல்ல, குச்சியோடு உதிர்க்கும்.

காய்க்குள்ளும் உறவு தெரியும். நெல்லிக்கொட்டைக்குள் மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை. கீழாநெல்லியின் குட்டிக் காயிலும் அதே மூன்று, அதே ஆறு. நெல்லி சதை போட்டு உருண்டது. கீழாநெல்லி காய்ந்து வெடித்து விதை தூவுகிறது, அவ்வளவுதான். 'நெல்லி' என்று இரண்டுக்கும் பெயர் வைத்த நம் ஆட்களுக்குக் கண் கூர்மை!

ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது. நெல்லி உணவு, வைட்டமின் சி மிகுந்த காய். கீழாநெல்லி மருந்துச் செடி. 'அமாரஸ்' என்றாலே கசப்பு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இதனால் பலருக்கு நீங்கியதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. அரைத்த உருண்டையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: அரைநெல்லி எந்தக் கணக்கு? சில டப்பாக்களில் 'எம்பிளிகா அஃபிசினாலிஸ்' என்று இருக்கிறதே, அது வேறு காயா?
– வாசகர், தென்காசி

பதில்: பின்னது நம் பெரிய நெல்லியின் இன்னொரு பெயர்; காய் அதேதான். அரைநெல்லியும் பில்லாந்தஸ்தான், 'அசிடஸ்'. பெயரிலேயே புளிப்பு. ஆனால் அது இலைக் கக்கத்தை விட்டுவிட்டு, மொட்டைக் கிளையிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தயாராக இருக்கட்டும்.