ஒரு நாளைக்கு ஒரு யூனிட்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கணியம்பாடியைத் தாண்டி, மின்கம்பி வராத இடத்தில் இருக்கும் உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை நானும் என் மனைவியும் சேர்ந்தே படித்தோம். நான் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். அணைக்கட்டு வட்டத்தில் இலவம்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அறுபது சென்ட் கொல்லை இருக்கிறது. அங்கே சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு குடிபோய்விட வேண்டும் என்பது என் எண்ணம். கடைசி மின்கம்பத்திலிருந்து எங்கள் நிலத்துக்கு ஒன்பது கம்பங்கள் நட வேண்டும் என்கிறார்கள். அந்தப் பணத்தில் சோலார் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் கரண்ட் பில் கிடையாது, குடிக்க மழைத்தண்ணீர், அடுப்புக்கு விறகு, வருங்கால வைப்பு நிதியில் வரும் சிறிய ஓய்வூதியமே போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சம் இருக்கிறது. அவள் இன்சுலின் போட்டுக்கொள்பவள். போன வாரம், "நீங்க மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் என் இடுப்புலேர்ந்துதானே வரப்போவுது" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது என்று சொல்ல முடியுமா?

ச., ஆம்பூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் துணைவியாரின் கேள்வியைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரியாமல் நீங்கள் ஒரு செங்கல்லைக்கூட வாங்கக் கூடாது என்பது என் கருத்து. 2017இல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது எங்கள் சிக்கனத்தின் பெரும்பகுதி என் உடம்பிலிருந்துதான் எடுக்கப்பட்டது. கிரைண்டர் வேண்டாமென்று ஆட்டுக்கல்லுக்கும், பம்பு வேண்டாமென்று ராட்டினக் கிணற்றுக்கும் போனோம். போனோம் என்று பன்மையில் சொன்னாலும் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தது நான் ஒருத்திதான். எட்டு மாதம் கழித்து என் முதுகுவலிக்கு வேலூரில் பார்த்த வைத்தியச் செலவை என் கணவர் வீட்டுக் கணக்கு நோட்டில் 'இதர செலவு' என்று எழுதினார். நான் அந்த வரியை அடித்துவிட்டு 'மாவு, தண்ணீர்' என்று எழுதினேன். இந்த வீட்டை எப்படி நடத்துவது என்பது பற்றி நாங்கள் உண்மையாகப் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மின்சாரத்தில் எங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. நானும் கணவரும் மாமியாருமாக மூன்று பேர் இருக்கும் இந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகிறது. இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், இதே அளவோடு நாங்கள் ஆம்பூரிலோ காட்பாடியிலோ வாழ்ந்திருந்தால் கட்டணமே வந்திருக்காது. இங்கே 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரிகள் இரண்டு வைத்திருக்கிறோம். கடைசியாக மாற்றியபோது இரண்டுக்கும் சேர்த்து 29,000 ரூபாய் ஆயிற்று. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் நான்கு ஆண்டு உழைக்கும். பகலில் சோலார் தகடுகளிலிருந்து நேராக எடுப்பது போக, இரவில் பேட்டரியிலிருந்து எடுப்பது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், தகடுகளின் விலையைச் சேர்க்காமலே, பேட்டரி வழியாக வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 28 ரூபாய் கொடுக்கிறோம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், நீங்களே போட்டுப் பாருங்கள். ஆயுளுக்கும் பில் இல்லை என்ற வாக்கியம் அந்தக் கணக்கில் நிற்காது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற பில் அது, அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட, 78,000 ரூபாய் வரை மானியம் தருகிற ஒன்றிய அரசின் கூரை சோலார் திட்டமும் மின்வாரியக் கம்பியோடு இணைந்த வீடுகளுக்கானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒன்பது கம்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதை ஊரில் சொல்வதைக் கேட்டு முடிவுசெய்யாமல், மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். இருபது ஆண்டுக்கு ஐந்து முறை பேட்டரி மாற்றும் செலவை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். கம்பம்தான் மலிவு என்று தெரிந்தால் கம்பத்தையே நடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பேட்டரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முதல் இணை இரண்டே ஆண்டில் போய்விட்டது. வேலூர் வெயில் சோலாருக்கு வரம் என்று எல்லோரையும்போல் நானும் நம்பியிருந்தேன். வெளிச்சம் வரம்தான், சூடு வரமல்ல. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் போகிற ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகிறது. சித்திரை உச்சிவெயிலில் தகடு 65 டிகிரியைத் தொடும்போது ஆறில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரிக்கு இதைவிடக் கேடு. எங்களிடம் இருப்பதுபோன்ற ஈய-அமில பேட்டரியின் ஆயுள், அது இருக்கும் இடத்தின் சூடு பத்து டிகிரி கூடினால் பாதியாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சோலாரை மாட்டிக் கொடுத்தவர் எங்கள் பேட்டரிகளை மேற்குப் பக்கம் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார். எங்களுக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. 2019ஆம் ஆண்டு அக்னி நட்சத்திரத்தின்போது ஓர் இரவு விசிறி சுற்றச் சுற்ற மெதுவாகி நின்றுவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மூடியைத் திருகித் திறந்தேன். தண்ணீர் இருக்க வேண்டிய மட்டத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு வெகு கீழே ஈயத் தகடுகளின் மேல் நுனி, சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துக் காய்ந்து தெரிந்தது. ஆறு மூடிகளிலும் அப்படியே. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்தோம். வெளுத்துப் போன தகடு திரும்பவில்லை. இப்போது பேட்டரிகள் வீட்டுக்குள், வடக்குச் சுவரை ஒட்டி, மரப்பலகையின் மேல், வாயு வெளியேற ஜன்னல் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மட்டம் பார்ப்பது என் கணவரின் வேலை. அவற்றின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. லித்தியம் வகை நெடுநாள் உழைக்கும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. முதலில் போடும் பணம் கூடுதல் என்றாலும், இன்று புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் நான் அதைத்தான் வாங்குவேன்.

இரவு யூனிட் இவ்வளவு விலை என்று தெரிந்த பிறகு வீட்டு வேலைகள் தாமாகப் பகலுக்கு நகர்ந்தன. ஆட்டுக்கல்லும் ராட்டினமும் போய்விட்டன. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரின் மோட்டார் 150 வாட்தான். நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட், அதையும் பதினோரு மணிக்கு மேல் ஓட்டினால் பேட்டரியைத் தொடாமல் வெயிலே அரைத்துக் கொடுத்துவிடும். கிணற்றுக்கு, சோலார் தகட்டின் நேர்மின்சாரத்திலேயே ஓடுகிற சிறிய டிசி பம்பு போட்டோம். அதற்குப் பேட்டரியே கிடையாது, வெயில் ஏறும்போது தானாக ஓடி மேல்தொட்டியை நிரப்பி வைக்கும். தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைப்பதுபோல் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது மலிவல்ல என்பதால், பகலில் முடிக்கக்கூடிய எதையும் நாங்கள் இரவுக்கு விடுவதில்லை. இரவில் மிஞ்சுவது விசிறிதான். பழைய விசிறி 75 வாட் இழுத்தது; பிஎல்டிசி என்கிற சிக்கன மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம், அதனால் இரவில் கூரை கக்குகிற அனல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் துணைவியாரின் இன்சுலினைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு உங்களுக்கும் வேண்டாம் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, மே மாதத்து வேலூரில் அதைப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் பிரிட்ஜ்தான் முதல் பொருள். ஒற்றைக் கதவுள்ள சிறிய பிரிட்ஜே வெயில் காலத்தில் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டை நெருங்கும், அதாவது எங்கள் வீடு முழுவதும் செலவழிப்பதை அது ஒன்றே கேட்கும். அதற்கேற்பத் தகடும் பேட்டரியும் இரண்டு மடங்கு வேண்டும். உங்கள் கணக்கில் அந்தத் தொகையை ஏற்றிய பிறகும் நிலம் உங்களை அழைக்கிறதென்றால் போங்கள்.

விறகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களிடம் கேஸ் இருக்கிறது, சமையல் அதில்தான். குளிக்க வெந்நீர் மட்டும் வெளியடுப்பில், வேலியோரம் வெட்டிப் போடுகிற வேலிகாத்தான் மிலாரில் வைக்கிறோம். வீட்டுக்குள் புகையை விடுகிற சிக்கனம் வேண்டாம். சாண எரிவாயு நல்லதுதான், ஆனால் ஒரு கன மீட்டர் கலனுக்கே தினம் 25 கிலோ சாணம் கரைக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது சரி.

தண்ணீரில் மட்டும் உங்கள் கணக்கு நீங்கள் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, அதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். நம் பக்கத்தில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், எங்கள் 60 சதுர மீட்டர் கூரையில் 54,000 லிட்டர் விழுகிறது. மூன்று பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் ஆவதில்லை. ஆனியிலிருந்து மார்கழி வரை மழை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும், தை முதல் வைகாசி வரையிலான ஐந்து மாதத்தைத் தாண்டினால் போதும், அதற்கு வேண்டியது 3,750 லிட்டர்தான். தெரியாமல் 10,000 லிட்டர் தொட்டி கட்டிவிட்டோம். உங்களுக்கு அதில் பாதி போதும். முதல் மழையைத் திருப்பிவிட ஒரு குழாய், வாய்க்கு இரட்டை மடிப்புத் துணி, உள்ளே துளி வெளிச்சமும் கொசுவும் போகாத மூடி ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் தண்ணீர் கெடாது. நாங்கள் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையின் கிணறுகளை என்ன செய்தது என்பதையும், அதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் ஆம்பூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை ஆண்டு கேன் தண்ணீர் வாங்கிய குடும்பத்துக்குக் கூரைத் தண்ணீரில் வைத்த முதல் காபி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நாங்களும் அப்படி வந்தவர்கள்தான்.

பிறகு பணமும் மிச்சமில்லாமல் ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். செலவாவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதுதான் என் பதில். நகரத்தில் இருந்தபோது நாங்கள் வேண்டுமென்று வீணாக்கவில்லை, எவ்வளவு போகிறது என்று தெரியாமல் வீணாக்கினோம். இங்கே, தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலரின் சிறிய திரையில், பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று மாலை ஆறு மணிக்கு ஓர் எண் நிற்கிறது. மூன்று பேரும் அதைப் பார்த்துவிட்டு இரவு எப்படிப் போக வேண்டும் என்று பேசிக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் அரிசிக்கும் துணிக்கும் பெட்ரோலுக்கும் பரவியது. எங்களுக்கு மிச்சமான பணம் அங்கேதான் மிச்சமாயிற்று, சோலாரில் அல்ல.

ஆகவே தகடு வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஓய்வு பெற்றதும் ஏப்ரல், மே இரண்டு மாதம் ஆம்பூர் வீட்டிலேயே இருங்கள். காலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்துக் குறித்து வாருங்கள். பிரிட்ஜுக்கு ஒரு யூனிட், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டு, வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தை 120 யூனிட்டில் கடக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு மாதமும் மாவு அரைப்பது, துணி துவைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் நீங்களாகவே இருக்க வேண்டும். முடிவில் இந்த வாழ்க்கை வேண்டுமா என்று உங்கள் துணைவியாரைக் கேளுங்கள். அவர் சொல்வதுதான் தீர்மானம்.

அதன் பிறகு இருவரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வருகிற எல்லோரும் தை மாதத்தில் வருகிறார்கள், வீடு அப்போது அழகாகத்தான் இருக்கும். நீங்கள் நவம்பரில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வரும்போது வாருங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட அந்த வாரம், எங்கள் தகடுகள் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை. மழைத்தொட்டி வழிந்துகொண்டிருக்கும்போதே ஐந்தாம் நாள் மாலை இன்வர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐந்தரை மணிக்கே சாப்பிட்டு முடித்து, அரிக்கேன் வெளிச்சத்தில் மூவரும் மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட ஒரு நாளில் இந்த வீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி கொண்டுவர மறக்காதீர்கள். மேகம் கொஞ்சம் விலகினால் அன்று பதினோரு மணிக்கு கிரைண்டர் ஓடும். அரைக்கும் முறை என் கணவருடையது, அவருக்கு நீங்கள் துணையிருக்கலாம்.

அன்புடன்.