விஞ்ச் வாங்கியாச்சு, கரண்ட் எங்கிருந்து? கார் டிரெய்லர் கேள்வி பதில்

ஓடாத காரை டிரெய்லரில் ஏற்ற விஞ்ச், அதாவது கயிற்றை டிரம்மில் சுற்றி இழுக்கும் மோட்டார், பூட்டுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல பக்கமிருந்தும் வந்தன, கோவையிலிருந்து ஒன்று. முக்கால்வாசிப் பேர் கேட்டது எத்தனை பவுண்டு விஞ்ச் வாங்குவது என்றுதான். ஆனால் பட்டறைக்கு வருகிற டிரெய்லர்களில் விஞ்ச் சின்னதாய்ப் போய் மாட்டிக்கொண்டவை அரிது. வயரிங்கில் சொதப்பியவைதான் ஏராளம்.

ஸ்கார்பரோ: அண்ணா, பழைய கார் வாங்கிச் சரிபண்ணி விற்கிறேன். ஒவ்வொன்றும் 4,000 பவுண்டு பக்கம் வரும். எத்தனை பவுண்டு விஞ்ச் போதும்?

தம்பி, கார் உருளுமா உருளாதா என்பதைப் பொறுத்தது. சாய்பலகை 15 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில் காரின் எடையில் கால்வாசியை விஞ்ச் இழுக்க வேண்டும், அதாவது 1,000 பவுண்டு. டயர் உருள்வதற்கு இன்னும் நூறு சேர்த்துக்கொள்ளலாம். நான்கு டயரிலும் காற்று இருந்து, கியர் நியூட்ரலில் இருந்தால் கணக்கு அவ்வளவுதான்.

பிரேக் பிடித்துக்கொண்டு நான்கு சக்கரமும் சுற்றாமல் நின்றால் அதே காருக்கு 3,700 பவுண்டு வரை தேவைப்படும். உங்கள் தொழிலில் அப்படிப்பட்ட கார் கட்டாயம் வரும். இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் எண் டிரம்மில் கயிற்றின் கடைசி ஓர் அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைக்கிற இழுவை. மேலே அடுக்கு ஏற ஏற, அடுக்குக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துகொண்டே போகும். கார் பாதி ஏறியிருக்கும்போது கயிறு ஏற்கெனவே மேலடுக்கில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் 5,000 பவுண்டு குறைந்தபட்சம், 8,000 என்றால் நிம்மதி. 12,000 எல்லாம் வேண்டாம், டிரெய்லரின் மூக்கில் வெறும் பாரம்.

டாலஸ்: விளக்குக்கும் பிரேக்குக்கும் டிரக்கோடு மாட்டும் டிரெய்லரின் 7 பின் பிளக்கிலேயே 12 வோல்ட் வருகிறதே, அதிலிருந்து விஞ்சுக்கு எடுக்கலாமா?

கூடாது. அந்த லைனுக்கு டிரக்கில் இருக்கும் பியூஸ் பெரும்பாலும் 30 ஆம்பியர். 8,000 பவுண்டு விஞ்ச் பாரமே இல்லாமல் சுற்றும்போதே அறுபது எழுபது ஆம்பியர் கேட்கும். 2,000 பவுண்டு இழுக்கும்போது 150-ஐத் தாண்டும், முழுப் பாரத்தில் 400-ஐத் தொடும்.

பெரிய பியூஸ் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே ஓடுவது 12 கேஜ் வயர், மிஞ்சிப் போனால் 10 (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). பேட்டரியிலிருந்து விஞ்ச் வரை போய்த் திரும்ப 16 மீட்டர் என்றால், 150 ஆம்பியரில் 12 கேஜ் வயரே மொத்த 12 வோல்ட்டையும் விழுங்கிவிடும். விஞ்சுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை, சூடாவது வயர்.

அதே நண்பர்: சரி, அப்படியென்றால் டிரக் பேட்டரியிலிருந்து தனிக் கேபிளா, டிரெய்லரிலேயே ஒரு பேட்டரியா?

இரண்டும் நடக்கும். என் ஓட்டு டிரெய்லர் பேட்டரிக்கு.

முதலில் கேபிளைப் பார்ப்போம். அதே 16 மீட்டருக்கு 2 கேஜ் செம்புக் கேபிள் போட்டால் 150 ஆம்பியரில் ஒன்றேகால் வோல்ட் இறங்கும். 1/0 கேஜ் போட்டால் முக்கால் வோல்ட்தான் இறங்கும், ஆனால் அவ்வளவு செம்பின் விலையை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். விஞ்ச் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை அதன் மேல் விழும் பாரம்தான் தீர்மானிக்கிறது. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் குறையாது, மோட்டார் மெதுவாகச் சுற்றும். கார் ஏறக் கூடுதல் நேரம் எடுக்கும், அத்தனை நேரமும் மோட்டார் சூடேறும். கேபிள் வழிதான் என்று முடிவு செய்தால் பம்பர் பக்கத்தில் ஆண்டர்சன் பிளக் (தடித்த கேபிளைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் பிளக்) வையுங்கள். 50 ஆம்பியர் சின்னது உதவாது, 175-தான் தொடக்கம். இந்த வழியில் ஒரு வசதி உண்டு. டிரக் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி இறங்குமோ என்ற கவலை இல்லை. ஒரே டிரக், ஒரே டிரெய்லர், தினமும் வேலை என்றால் கேபிளே போடலாம்.

மற்றவர்களுக்கு டிரெய்லர் பேட்டரி. விஞ்சுக்குப் பக்கத்திலேயே பேட்டரி இருப்பதால் கேபிள் ஒரு மீட்டரோ ஒன்றரையோதான். விஞ்சோடு வரும் கேபிளே பெரும்பாலும் எட்டிவிடும். டிரெய்லரை இரவல் கொடுத்தாலும், வேறு வண்டியில் மாட்டினாலும் விஞ்ச் வேலை செய்யும்.

பேட்டரி தாங்குமா என்று பலருக்கும் பயம். ஒரு காரை ஏற்ற ஏழு மீட்டர் இழுப்பு, நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வேகம், சராசரி 130 ஆம்பியர் என்று போட்டுப் பாருங்கள். ஐந்தரை ஆம்பியர் அவர், அதாவது ஐந்தரை ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்த அளவுகூட ஆகாது. வழக்கமான 80, 100 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு இது கொறித்த மாதிரி. பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்பதைவிட, கேட்ட நொடியில் இருநூறு முந்நூறு ஆம்பியர் கொடுக்குமா என்பதுதான் முக்கியம்.

அதைத் திரும்ப நிரப்பத்தான் உங்கள் 7 பின் லைன். நேராகப் பேட்டரியில் இணைக்காமல் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜர் (வரும் வோல்ட்டைப் பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றித் தருவது) வையுங்கள். இப்போதைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்று வோல்ட்டைக் குறைத்துவிடுகிறது, அந்த வோல்ட்டில் டிரெய்லர் பேட்டரி முழுதாக ஏறாது. சார்ஜர் பின்னால் 20 ஆம்பியர் கொடுக்க, முன்னால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அதனால் லைனின் பியூஸைப் பார்த்துவிட்டு அளவைத் தேர்ந்தெடுங்கள். வீடு திரும்பும் அரை மணி ஓட்டத்தில் எடுத்ததெல்லாம் வந்துவிடும். சார்ஜர் நடுவில் இருந்தால் விஞ்ச் ஓடும்போது டிரக்கிலிருந்து அந்தச் சின்ன வயர் வழியாக இருநூறு ஆம்பியர் பாய முயல்கிற ஆபத்தும் இல்லை.

நியூஜெர்சி: லித்தியம் பேட்டரி போடலாமா? எடை குறைவு என்கிறார்கள்.

அதற்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டின் அளவைப் பாருங்கள். 100 ஆம்பியர் அவர் லித்தியம் பலவற்றில் அது 100 ஆம்பியரிலேயே வெட்டிவிடும். கார் சாய்பலகையில் பாதியில் நிற்கும்போது விஞ்ச் செத்துப்போனால் எப்படி இருக்கும்? சாதா ஏஜிஎம் (மூடிய வகை ஈய-அமில) பேட்டரி போதும்.

மிசிசாகா: டிரெய்லர் பிரேக்குக்கு ஏற்கெனவே ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது...

அதைத் தொடவே தொடாதீர்கள். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிரேக் பிடிப்பதற்கு வைத்தது அது. அமெரிக்க விதிப்படி அந்தப் பிரேக் 15 நிமிடமாவது பிடித்து நிற்க வேண்டும். விஞ்ச் காலி செய்த பேட்டரி அதைச் செய்யாது.

சிட்னி: நெகட்டிவ் கேபிளை டிரெய்லர் சட்டத்திலேயே எர்த் பண்ணினால் ஒரு கேபிள் மிச்சம்தானே?

மிச்சம்தான், ஆனால் வேண்டாம் ஐயா. டிரக் பேட்டரியிலிருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். அந்தக் கரண்ட், டிரெய்லரை டிரக்கில் மாட்டும் ஹிட்ச் பந்தின் வழியாகத் திரும்ப வேண்டும், பந்தில் கிரீஸ், சட்டத்தில் பெயின்ட், போல்ட்டில் துரு. பாசிட்டிவ் என்ன தடிமனோ அதே தடிமனில் நெகட்டிவும் பேட்டரி வரை போகட்டும்.

கேபிள் முனையில் போடும் லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹைட்ராலிக் கிரிம்பர் இரவல் வாங்குங்கள். அழுத்தியபின் அறுகோண அச்சு விழுந்திருக்க வேண்டும், கையால் முறுக்கினால் கம்பி அசையக் கூடாது, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை). ஒரு முறை முழு இழுப்பு இழுத்துவிட்டு லக்கைத் தொட்டுப் பாருங்கள். கேபிளைவிட லக் சூடாக இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை.

மெல்போர்ன்: விஞ்சோடு பியூஸ் வரவில்லையே, தேவையா?

தேவை. பியூஸ் கேபிளுக்காக. கேபிள் எங்காவது உரசி சட்டத்தில் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே போடுங்கள், கேபிள் தாங்கும் அளவுக்கு மேல் போகாமல். சார்ஜ் லைனுக்கு இரண்டு முனையிலும் பியூஸ், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி.

பியூஸோடு கூடவே ஒரு கைத்திருகு கட்-ஆஃப் சுவிட்ச், கைக்கு எட்டும் இடத்தில். விஞ்சைக் கட்டுப்படுத்தும் கான்டாக்டருக்குள் இரண்டு செம்புத் தகடுகள் ஒட்டிப் பிரிகின்றன. வோல்ட் தொய்ந்த நேரத்தில் அவை படபடவென்று அடித்துக்கொண்டு, பொறி பறந்து, ஒன்றோடொன்று வெல்டாகிவிடும். அப்புறம் ரிமோட்டை விட்டாலும் விஞ்ச் நிற்காது, காரைத் தன் மேலேயே இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்பேனர் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எட்மன்டன்: அலுமினிய டிரெய்லர். விஞ்சை எங்கே, எப்படிப் பூட்டுவது?

வெல்டிங் வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்த அலுமினியத்தின் பலம் குறைந்துவிடும். கால் அங்குல இரும்புத் தகடு ஒன்றை மேலே வைத்து, சட்டத்துக்கு அடியில் இன்னொரு தகடு கொடுத்து, இரண்டையும் போல்ட்டால் இறுக்குங்கள். அலுமினியமும் இரும்பும் நேராக உரசினால் உப்புத் தெளிக்கும் உங்கள் ஊர்ச் சாலையில் அரித்துவிடும், நடுவே ரப்பர் அல்லது நைலான் தாள். விஞ்ச் கம்பெனி சொன்ன தரத்துப் போல்ட்டைத்தான் போட வேண்டும், டப்பாவில் கிடந்ததை அல்ல.

இடம் நடுக்கோட்டில். டிரம்மிலிருந்து கயிறு வெளியேறும் வாய் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ கயிறு அவ்வளவு ஒழுங்காகச் சுற்றும். உயரம் காரின் இழுவைக் கொக்கி மட்டத்துக்குக் கிட்டத்தட்ட. மேலே போனால் காரின் மூக்கைத் தூக்கும், ரொம்பக் கீழே போனால் கயிறு தளத்தின் விளிம்பை அறுக்கும்.

விஞ்சும் பேட்டரியும் சேர்ந்து ஐம்பது அறுபது கிலோ, அது அப்படியே ஹிட்ச் மேல் உட்காரும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சில் இருக்க வேண்டும் என்ற கணக்கை மறுபடி பார்த்து, காரைச் சற்றுப் பின்தள்ளி நிறுத்துங்கள்.

பிராம்ப்டன்: கார் ஏறும்போது டிரக்கின் பின்பக்கம் மேலே தூக்குகிறது, பயமாக இருக்கிறது.

காரின் பாரம் முதலில் டிரெய்லரின் வால் மேல்தான் விழுகிறது. சாய்பலகைக்கு முன்னால், டிரெய்லரின் பின்சட்டத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட். டிரக்கில் ஹேண்ட் பிரேக், டிரெய்லர் சக்கரத்துக்கு அண்டக்கட்டை. கார் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, எஞ்சின் ஓடாத காரில் பிரேக் மிதி கல் மாதிரி இருக்கும்.

ஹூஸ்டன்: ஸ்டீல் ரோப்பா, சிந்தெட்டிக்கா?

சிந்தெட்டிக். அறுந்தால் ஸ்டீல் போலச் சாட்டையடிக்காது, கையில் முள் ஏறாது. வெயிலில் கிடந்தால் வீணாகும், மூடி வையுங்கள். கயிறு வெளியேறும் வாயில் உருளைக்குப் பதில் வழவழப்பான அலுமினியத் துண்டு. டிரம்மில் குறைந்தது பத்துச் சுற்று எப்போதும் மிச்சம் இருக்கட்டும், ஸ்டீலுக்கு ஐந்து போதும்.

கோவை: கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு ஃபார்முலா கார் கொண்டுபோகிறோம். எங்களுக்கும் விஞ்ச் வேண்டுமா சார்?

நாலு பேர் தள்ளினால் ஏறிவிடும் வண்டிக்கு மின்சார விஞ்ச் எதற்குங்க? ரேட்செட் உள்ள கை விஞ்ச் ஒன்று போதும், பேட்டரி, கேபிள் எதுவும் வேண்டாம். உங்கள் கவலை தரை உரசுவதுதான். சாய்பலகைக்கு முன்னால் நீளப் பலகை போட்டுச் சரிவைக் குறையுங்கள்.

டொரொன்டோ: ஏற்றியபின் விஞ்சை இறுக்கியே விட்டுவிடலாமா? முன்பக்கம் கட்ட வேண்டாமே.

கூடாது. விஞ்சுக்குள் இருக்கும் பிரேக், சாலைக் குலுக்கலைத் தாங்கச் செய்ததல்ல. முன்னும் பின்னும் சக்கரப் பட்டை கட்டிவிட்டு விஞ்ச் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். இறங்கும்போது மறுபடி இறுக்கியபின்தான் பட்டையை அவிழ்க்க வேண்டும்.

அதே நண்பர்: டெஸ்லாவை இப்படி ஏற்றலாமா?

ஏற்றலாம், காரை டிரான்ஸ்போர்ட் மோடில் (சக்கரம் தடையில்லாமல் உருளவிடும் அமைப்பு) போட்ட பிறகு, மெதுவாக. சக்கரம் வேகமாகச் சுற்றினால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். காரின் 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தால் முதலில் வெளியிலிருந்து அதற்கு உயிர் கொடுங்கள்.

மொன்றியல்: குளிர்காலத்தில் டிரெய்லர் வெளியில்தான் நிற்கும். பேட்டரியைக் கழற்ற வேண்டுமா அண்ணை?

முழு சார்ஜில் இருந்தால் கழற்றத் தேவையில்லை, உறையாது. சார்ஜ் தீர்ந்த பேட்டரி மைனஸ் பத்துக்குள்ளேயே உறைந்து வெடிப்பு விடும். வயர்லெஸ் ரிமோட்டின் ரிசீவர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் மேலே சொன்ன கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜரைப் போடுங்கள். மார்ச்சில் முதல் காரை ஏற்றுமுன் கயிறு முழுவதையும் வெளியே இழுத்து, லேசான பாரத்தோடு திரும்பச் சுற்றிவிடுங்கள் அண்ணை.